பழம் மங்கல், இலை பளிச்: டிஎஸ்எல்ஆர் ஃபோகஸ் சரியான கதை

டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கு மாறியதும் ஏற்காட்டில் எடுத்த காப்பிப் பழப் படங்கள் எல்லாமே மங்கல். ஷட்டர் வேகத்தை 1/1000 ஆக்கினேன், ட்ரைபாடில் வைத்தேன், லென்ஸைத் துடைத்தேன். பலனில்லை.

ஒரு படத்தைப் பெரிதாக்கியபோதுதான் கவனித்தேன்: பழம் மங்கல், பின்னால் இருந்த இலையின் நரம்பு பளிச். கை நடுக்கமென்றால் எல்லாமே கலங்கியிருக்கும். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையைப் பார்த்து எடுத்தேன். அதே பழம் கூர்மையாக வந்தது. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது ஃபோகஸை அளப்பது கேமராவுக்குள் உள்ள கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தனி சென்சார். லைவ் வியூவில் படம் பதியும் சென்சாரே அளக்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

சேலம் வந்ததும் ஸ்கேலைச் சாய்த்து வைத்து, அபெர்ச்சரை (லென்ஸின் துளையை) முழுக்கத் திறந்து, அதன் ஒரு கோட்டைக் குறிவைத்து எடுத்துப் பார்த்து, மெனுவில் ஆட்டோஃபோகஸைத் திருத்தும் ஏஎஃப் ஃபைன் ட்யூனை மைனஸ் பக்கம் நகர்த்தினேன். மைனஸ் 8-இல் குறிவைத்த கோடு தெளிந்தது. அப்பாடா! இந்த எண் லென்ஸுக்கு லென்ஸ் மாறும். சில கேமராக்களில் இந்தத் திருத்தும் வசதி கிடையாது. அவற்றில் லைவ் வியூவில் எடுக்கலாம்.