கருக்கலைப்புச் சட்டத்தில் உங்கள் எம்.பி. என்ன செய்தார்? ஓட்டுக்கு முன் பார்க்கும் வழி

முதலில் தொகுதியைச் சரியாகப் பிடியுங்கள். கொங்கில் பலர் சறுக்குவது இங்கேதான். கோபிசெட்டிபாளையம், பவானி, பெருந்துறை மூன்றும் ஈரோடு மாவட்டம். மக்களவைக்கு திருப்பூர் தொகுதி. பல்லடம் திருப்பூர் மாவட்டம், ஆனால் ஓட்டு கோவை எம்.பி.க்கு. அவினாசிக்கு நீலகிரி. ஆள் மாறினால் தேடியதெல்லாம் வீண்.

அடுத்து, "எப்படி வாக்களித்தார்" என்று தேடி அலையாதீர்கள். 1971 கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தி, குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்குக் கருக்கலைப்பு வரம்பை 20 வாரத்திலிருந்து 24 ஆக்கிய மசோதா மக்களவையில் 2020 மார்ச் 17 அன்றும், மாநிலங்களவையில் 2021 மார்ச் 16 அன்றும் நிறைவேறியது. இரண்டுமே குரல் வாக்கெடுப்பு, அதாவது "ஆம்", "இல்லை" என்று சத்தம் போட்டு முடிப்பது. யாராவது டிவிஷன் (ஓட்டை எண்ணும் வாக்கெடுப்பு) கேட்டால்தான் ஓட்டு பெயர்வாரியாகப் பதிவாகும். அமெரிக்காவில் வேட்பாளரின் பழைய ஓட்டை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். இங்கே நீட்டத் தாளே இல்லை.

பதிவு கிடைத்தாலும் அதில் ஆள் தெரியாது, கட்சிதான் தெரியும். இப்படி வாக்களி என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்து, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால், கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணைப்படி பதவி போகலாம். சின்னத்தையும் கவனியுங்கள்: 2019இல் நாமக்கல்லில் வென்ற ஏ.கே.பி. சின்ராஜ் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்காரர், நின்றதோ உதயசூரியனில், ஆக அவையில் அவர் தி.மு.க. கணக்கு.

அதனால் பேச்சையும் கேள்வியையும் பாருங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் 17ஆவது மக்களவை, மேற்சொன்ன தேதி, விவாதப் பதிவு. தமிழில் பேசியிருந்தாலும் ஆங்கில மொழிபெயர்ப்பே இருக்கும். தமிழ் எழுத்தில் தேடினால் சிக்காது. இனிஷியலை விட்டுவிட்டு, பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் போடுங்கள். பிறகு உறுப்பினர் பக்கத்தில் சுகாதாரத் துறைக்கு அவர் கேட்ட கேள்விகள். அன்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். அமைச்சர்கள் அதில் கையெழுத்துப் போடுவதில்லை, அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

ஓட்டுக் கேட்டு வரும்போது "பெண்ணுரிமைக்கு ஆதரவுங்களா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்றுதான் பதில் வரும். குறுக்கிக் கேளுங்கள். சிசுவுக்குக் கடும் குறைபாடு என்றால் 24 வாரத்துக்கு மேலும் மருத்துவக் குழு அனுமதிக்கலாம். விதிப்படி மனு வந்த 3 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும். "ஏனுங்க, நம்மூர்ப் பொண்ணு அந்தக் குழுகிட்டப் போகோணும்னா எங்க போகோணுமுங்க?" இதற்கு ஊர்ப் பெயரோ ஆஸ்பத்திரிப் பெயரோ வராவிட்டால் அவர் சட்டத்தைப் படிக்கவில்லை என்று பொருள்.

இந்தக் கேள்வி எம்.எல்.ஏ. வேட்பாளருக்கே அதிகம் பொருந்தும். சட்டம் டெல்லியுடையது, குழுவை அமைப்பது மாநில அரசு. மாநிலங்களவைக்கு ஆள் அனுப்புவதும் எம்.எல்.ஏ.க்கள்தான்.