ஒரு ஜன்னல், ஒரு முகம்: புகைப்படப் பயிற்சியின் முதல் வாரம்

புகைப்படம் எடுக்கப் பழகத் தொடங்கியவர்கள் அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். வெளிச்சம் எங்கிருந்து வந்து எங்கே விழுகிறது என்பதைப் பார்க்கக் கண் பழகாதவரை எந்த லென்ஸும் கைகொடுக்காது என்பது என் உறுதியான எண்ணம். அதைப் பழக வீட்டில் ஒரு ஜன்னலும், பொறுமையாக உட்காரக்கூடிய ஒருவரும் போதும். நான் என் அப்பத்தாவை வைத்துப் பழகினேன்.

முதலில், நேரடி வெயில் விழாத ஜன்னலைத் தேர்ந்தெடுத்து, ஃப்ளாஷையும் அறை விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். ட்யூப்லைட்டும் பகல் வெளிச்சமும் கலந்தால் முகத்தின் இரு பக்கமும் இரு நிறமாகத் தெரியும்.

அடுத்து, ஜன்னல் பக்கவாட்டில் இருக்குமாறு அவரை மூன்றடி தள்ளி உட்கார வையுங்கள். ஜன்னலை நேராகப் பார்த்தால் முகம் தட்டையாகிவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் நிழல் கிடைக்கும். பூக் கட்டிக்கொண்டிருந்த அப்பத்தா நாரை எடுக்க ஜன்னல் பக்கம் சற்றே திரும்பியபோது, அதுவரை இருண்டிருந்த கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சிறு முக்கோணமாக வெளிச்சம் விழுந்தது. ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் அழைக்கப்படும் ஒளியமைப்பு அதுதான். நிழல் மிகவும் கருத்திருந்தால், மறுபக்கம் ஒரு நாற்காலியில் வெள்ளை வேட்டியை விரித்துப் போடுங்கள்; அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நிழலைத் தணிக்கும்.

இப்போது கேமராவை அப்பர்ச்சர் முன்னுரிமைக்கு (லென்ஸின் திறப்பை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் முறை) மாற்றி, லென்ஸ் அனுமதிக்கும் மிகச் சிறிய எஃப் எண்ணை, அதாவது மிகப் பெரிய திறப்பை வைத்து, உங்களுக்கு அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். 50 மி.மீ. லென்ஸில் கை நடுக்கம் தெரியாமலிருக்க ஷட்டர் வேகம் 1/50 நொடிக்குக் குறையக்கூடாது என்பது பழைய கணக்கு. வெளிச்சத்தைப் பதிவுசெய்யும் சென்சார் சிறியதாக உள்ள ஏபிஎஸ்-சி வகைக் கேமராவில் அதை 1/80 என்று கொள்ளலாம். பூக் கட்டும் விரல்கள் அசையும் என்பதால் நான் 1/125 வரும்படி பார்த்துக்கொள்வேன். அதற்கு, கேமராவின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600 வரை உயர்த்தத் தயங்க வேண்டாம், ஏனெனில் படத்தில் தெரியும் புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளலாம், அசைந்து கலங்கிய முகத்தைப் பின்னால் சரிசெய்ய முடியாது.

அப்பத்தாவின் வெள்ளைச் சேலை என் முதல் படங்களில் அழுக்குச் சாம்பல் நிறமாக வந்து என்னை வருத்தியது. தன் முன்னே இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாகக் கருதியே கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. ஆகவே படச் சட்டத்தில் வெள்ளை அதிகமிருந்தால், படத்தை வெளிச்சமாக்கவோ இருட்டாக்கவோ உதவும் எக்ஸ்போஷர் ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +1 பக்கம் நகர்த்துங்கள். கருங்கல் சிலை போன்றவற்றுக்கு -1 பக்கம்.

இதே இடத்தில் ஒரு வாரம், காலை 7 மணிக்கும் நண்பகலிலும் மாலை 5 மணிக்கும் படமெடுத்து, அன்றன்றே கண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழியில் ஜன்னலின் சதுரம் சிறு ஒளிப்புள்ளியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பார்வை மங்கிக் கிடக்கும். முகவாயைச் சற்றே உயர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி இன்னொரு படம் எடுங்கள்.