உடைஞ்ச நாற்காலிக் கால்ல ஆரம்பிச்சு மர மோட்டார் சைக்கிள் வரைக்கும்

பழைய நாற்காலிக் காலை ஒழுங்கா ஒட்டத் தெரிஞ்ச ஒருத்தரால 1885ம் வருஷத்து மோட்டார் சைக்கிளோட நகல்ல பாதிக்கு மேல செஞ்சிட முடியும். காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் ஜெர்மனியில செஞ்ச ரைட்வாகன்தான் பெட்ரோலிய இன்ஜின்ல ஓடின முதல் மோட்டார் சைக்கிள்னு பொதுவா ஒத்துக்குறாங்க, அதோட சட்டமும் மரம், சக்கரமும் மரம், இன்ஜினையும் பெல்ட்டையும் கழட்டிட்டா மிச்சம் இருக்கிறது தச்சு வேலைதான். அதனால முதல்ல கால், அப்புறம் வண்டி. ரெண்டுலயும் நீங்க பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், மரத்தோட ரேகை, அதாவது நார், எந்தப் பக்கமா ஓடுது.

கால் உடைஞ்சிருக்கிற இடத்தை நல்ல வெளிச்சத்துல பாருங்க. நார் நீளவாக்குல பிளந்து நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தா சந்தோஷப்படுங்க, ஒட்டுறதுக்கு நிறைய பரப்பு இருக்கு, வெறும் பசையே போதும். குறுக்கால டக்குன்னு முறிஞ்சிருந்தா வேற கதை, வளைஞ்ச கால்கள்ல ரேகை காலோட வளைவு கூட வராம குறுக்கால வெட்டிக்கிட்டு போற இடத்துலதான் இது நடக்கும், அங்க நாரோட நுனி மட்டுந்தான் ஒண்ணோட ஒண்ணு முட்டும், நுனியில பசை நிக்காது. அதுக்கு உள்ள ஒரு மரமுளை, அதாவது ரெண்டு பக்கத்துத் துளையிலயும் இறங்குற உருளைக் குச்சி, கட்டாயம் வேணும்.

பிளந்த முகத்துல உப்புத்தாளைக் கொண்டு போகவே போகாதீங்க. ஒவ்வொரு நாரும் எதிர்ப்பக்கத்து பள்ளத்துல போய் உட்கார்ற மாதிரிதான் உடைஞ்சிருக்கும், தேய்ச்சுட்டா அந்தப் பொருத்தம் திரும்ப வராது. பசை போடாம ஒரு தடவை சேர்த்து அமுக்கிப் பாருங்க, கோடு முடி கனத்துக்கு மூடணும், மூடலன்னா உள்ள ஒரு சிம்பு மடங்கி நிக்குதுன்னு அர்த்தம், ஊசியால நிமித்தி விடுங்க.

அடுத்தது பழைய பசை. முந்தின காலத்து மர சாமான் பெரும்பாலும் வச்சிரப் பசையில ஒட்டினது, அதாவது தோல் எலும்பு காய்ச்சி எடுக்கிற பசை. ஒரு சொட்டு வெந்நீர் விட்டு ரெண்டு நிமிஷம் கழிச்சு தொட்டா பிசுபிசுன்னு வந்தா அதுதான். இதோட பெரிய நன்மை என்னன்னா புது வச்சிரம் பழைய வச்சிரத்தை இளக்கி அதோடயே சேர்ந்துக்கும், கடைசித் துளி வரைக்கும் சுரண்ட வேண்டியதில்ல, பின்னாடி யாராவது திரும்ப கழட்டணும்னாலும் சூடும் ஈரமும் காட்டினா விட்டுக் கொடுக்கும். நூறு வருஷ சாமானுக்கு இந்த குணம் ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறேன், இன்னைக்கு நாம பண்றது கடைசி ரிப்பேரா இருக்கப் போறதில்ல. நடுவுல யாரோ வெள்ளைப் பசை போட்டு ஒட்டியிருந்தா அதை முழுசா எடுத்தே ஆகணும், காஞ்ச வெள்ளைப் பசை மேல புது பசை எதுவும் சரியா பிடிக்காது, சூடான வினிகரை துணியில நனைச்சு கொஞ்ச நேரம் சுத்தி வச்சா இளகி வரும். இன்னொரு எச்சரிக்கை, பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அதை காய்ஞ்ச நிலையில தேய்ச்சு தூள் கிளப்பாதீங்க.

வச்சிரக் குருணையை ராத்திரி பச்சத்தண்ணில ஊறப்போட்டு மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வச்சு சுமார் 60 டிகிரிக்கு சூடு பண்ணுங்க, கொதிக்க விட்டா பசைக்கு வலு போயிடும். பூசினதும் ஒரு நிமிஷத்துக்குள்ள ஜெல் மாதிரி இறுக ஆரம்பிச்சிடும், அதனால மரத்தையும் லேசா சூடு காட்டிக்கிட்டு, கட்டுறதுக்கு வேண்டியதெல்லாம் கைக்கு எட்டுற தூரத்துல எடுத்து வச்சிட்டு ஆரம்பிங்க. வளைஞ்ச கால்ல இரும்பு கிளாம்ப் வழுக்கிக்கிட்டே போகும், அங்க பழைய சைக்கிள் டியூபை ரெண்டு விரல் அகலத்துக்கு நீளமா கத்தரிச்சு நல்லா இழுத்து இழுத்து சுத்துங்க, ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்தோட அழுத்தத்தைக் கூட்டிக்கிட்டே போகும், எந்த வளைவா இருந்தாலும் அச்சா உட்காரும், பாலிஷ்லயும் தடம் விழாது. ஒரு முழு நாள் அப்படியே விடுங்க.

குறுக்கால முறிஞ்ச கடைசல் காலுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. உடைஞ்ச இடத்துலயே ரெண்டு பக்கமும் துளை போட்டு நேர் பார்க்கறது பெரிய சிரமம், ஏன்னா கரடுமுரடான முகத்துல டிரில் நுனி நிக்காது. அதுக்குப் பதிலா முதல்ல முறிவை பசை போட்டு சும்மா ஒட்டிடுங்க. காஞ்சப்புறம் அதுக்குப் பக்கத்துல இருக்கிற கடைசல் வளையத்தோட பள்ளத்துல மெல்லிய ரம்பத்தால நேரா அறுங்க. இப்ப உங்களுக்கு தட்டையான சுத்தமான முகம் கிடைச்சிருச்சு, அதோட மையத்துலேர்ந்து ஒட்டின முறிவைத் தாண்டி உள்ள வரைக்கும் துளை போடலாம், எதிர்ப்பக்கத்துலயும் அதே மையத்துல போட்டு நீளமான முளையை இறக்கி ஒட்டிட்டா அறுத்த கோடு பள்ளத்துக்குள்ள மறைஞ்சிடும். முளையோட கனம் கால் கனத்துல மூணுல ஒரு பங்கு, 36 மி.மீ. கால்னா 12 மி.மீ. முளை, அதோட நீளவாக்குல ஒரு சின்ன பள்ளக்கோடு இழுத்து விடுங்க, இல்லன்னா அடியில மாட்டின பசையும் காத்தும் காலையே பிளந்துடும்.

காலோட அடி உளுத்துப் போயிருந்தா நல்ல மரம் வர்ற வரைக்கும் வெட்டி எறிஞ்சிட்டு அதே ஜாதி மரத்துல, அதே ரேகைப் போக்குல துண்டு வச்சு ஒட்டுங்க. முழு வலு வேணும்னா சாய்வு ஒட்டு 1க்கு 8, அதாவது 30 மி.மீ. கனத்துக்கு 240 மி.மீ. நீளம். நுனிப்பாதத்துக்கு அவ்வளவு தேவையில்ல, அங்க பாரம் நேரா கீழ இறங்குது. பூச்சி ஓட்டை இருந்தா கீழ வெளிறின புதுத் தூள் கொட்டுதான்னு பாருங்க, கொட்டினா பூச்சி இன்னும் உயிரோட இருக்கு, மருந்து போடாம ஒட்டாதீங்க. கலர், பாலிஷ் எல்லாம் அரக்கும் மெழுகும் போதும், பழைய பளபளப்பை சுரண்டி எடுக்காதீங்க.

இப்ப வண்டிக்கு வரலாம். அசல் ரைட்வாகன் 1903ல டைம்லரோட கான்ஸ்டாட் தொழிற்சாலை தீ விபத்துல எரிஞ்சு போச்சு, இன்னைக்கு ஸ்டுட்கார்ட்லயும் மியூனிக்லயும் மியூசியத்துல நிக்கிறது எல்லாமே நகல். அந்த நகல்களே ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, காரணம் வண்டியே மாறிக்கிட்டு வந்துச்சு, முதல்ல நேரடி பெல்ட், அப்புறம் 1885-86 குளிர்காலத்துல பின் சக்கரத்துல பல்வளையம் வச்சு மாத்தினாங்க. அதனால எந்தக் காலத்து வண்டியை செய்யறீங்கன்னு மரம் வாங்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க, ஒரு படத்துலேர்ந்து கைப்பிடியும் இன்னொரு படத்துலேர்ந்து பின் சக்கரமும் எடுத்தா அது எதோட நகலும் இல்ல.

சட்டத்துக்கு ஆஷ் மரம் அருமை, அதிர்ச்சியைத் தாங்கும், வளைக்கவும் வரும். வளைஞ்ச பாகத்தை முழுக் கட்டையிலேர்ந்து அறுத்து எடுத்தா நாற்காலிக் கால்ல பார்த்த அதே குறுக்கு முறிவு இங்கயும் வரும், இங்க ஆள் உட்கார்ந்திருப்பாரு, கீழ இன்ஜின் உதறிக்கிட்டு இருக்கும். அதனால 3, 4 மி.மீ. பட்டைகளா இழைச்சு, அச்சு மேல வளைச்சு, அடுக்கடுக்கா ஒட்டுங்க, அப்ப ரேகை வளைவோடயே ஓடும். நீராவியில வளைக்கிறதா இருந்தா 25 மி.மீ. கனத்துக்கு சுமார் ஒரு மணி நேரம். இங்க வச்சிரம் வேண்டாம், சூடும் ஈரமும் படுற இடம், எபாக்சி போடுங்க. போல்ட் போற இடத்துல ரெண்டு பக்கமும் இரும்புத் தகடு வைங்க, வெறும் வாஷர் வச்சு முறுக்கினா மரம் நசுங்கி கொஞ்ச நாள்ல போல்ட் ஆட ஆரம்பிச்சிடும். அசல்லயே இன்ஜினை ரப்பர் கட்டைங்க மேலதான் உட்கார வச்சிருந்தாங்க, அதை விட்டுடாதீங்க.

சக்கரம்தான் இதுல ரொம்ப அழகான வேலை, மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரியே நடுவுல குடம், அதுலேர்ந்து போற ஆரக்கால், சுத்தி மர வளையமா வட்டை, மேல இரும்புப் பட்டா. ஆரக்காலுக்கு மரத்தை ரம்பத்தால அறுக்காம கோடாலியால பிளந்து எடுங்க, பிளவு ரேகை வழியாத்தான் போகும், அதனால ஒரு நார் கூட நடுவுல வெட்டுப்படாது. மரம் எல்லாம் நல்லா காஞ்சிருக்கணும், ஈரத்தோட பூட்டினா பின்னாடி சுருங்கி எல்லாமே கடகடன்னு ஆடும். பட்டாவை சூடு பண்ணி மாட்டுறதுக்கு கணக்கு இருக்கு, 2 மீட்டர் சுத்தளவு இரும்பு 300 டிகிரி சூடு ஏறினா சுமார் 7 மி.மீ. நீளும், அதனால வட்டையோட சுத்தளவை விட 4 மி.மீ. குறைச்சு பட்டாவை வெல்டு பண்ணிக்கிட்டா சூட்டுல உள்ள இறங்குறதுக்கு 3 மி.மீ. மிச்சம் கிடைக்கும். இறங்கினதும் உடனே தண்ணி ஊத்துங்க, பட்டா சுருங்கும்போது ஒவ்வொரு மூட்டும் கிரீச்சுன்னு இறுகுற சத்தம் கேட்கும். இதை தனியா செய்யாதீங்க, ரெண்டு பேர் இடுக்கி பிடிக்கணும், ஒருத்தர் தண்ணியோட நிக்கணும்.

ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்ல தொங்குற சின்ன சக்கரங்களை சிலர் அசிங்கமா இருக்குன்னு விட்டுடறாங்க, அது தப்பு, அந்த வண்டியோட அடையாளமே அதுதான், ஓட்டும்போது அது இல்லாம நிக்கவும் நிக்காது.

அசல் இன்ஜின் ஒரே சிலிண்டர், 264 சிசி, 58 மி.மீ. போர் (சிலிண்டரோட உள்விட்டம்), 100 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்), நிமிஷத்துக்கு 600 சுத்துல அரை குதிரைசக்தி. காட்சிக்கு மட்டும்னா சிலிண்டரை மரத்துல கடைஞ்சு பெயின்ட் அடிச்சாலே போதும். ஓடணும்னா தண்ணி பம்புக்கு போடுற மாதிரி சின்ன நாலு ஸ்ட்ரோக் இன்ஜினை உள்ள மறைச்சு வைங்க, ஸ்பார்க் பிளக்கோட. அசல்ல இருந்த சூட்டுக்குழாய் பற்றவைப்பை மட்டும் நகல் எடுக்காதீங்க, அது எரியுற சுடரால ஒரு குழாயை எப்பவும் சிவக்க வச்சிருக்கிற முறை, அதுவும் சீட்டுக்கு நேர் கீழ, 1885 நவம்பர்ல டைம்லரோட பையன் பால் முதல் தடவை ஓட்டிக்கிட்டு போனப்ப சீட் தீப்பிடிச்சதா பதிவு இருக்கு.

வேகத்தை மணிக்கு 12 கி.மீ.க்குள்ள வைங்க, அசலும் அவ்வளவுதான். கணக்கு சுலபம், 12 கி.மீ.ன்னா நிமிஷத்துக்கு 200 மீட்டர், உங்க சக்கரம் 65 செ.மீ. விட்டம்னா ஒரு சுத்துக்கு சுமார் 2.04 மீட்டர், ஆக நிமிஷத்துக்கு 98 சுத்து. இன்ஜின் 1500ல ஓடினா 15க்கு 1 குறைக்கணும், ஒரே பெல்ட்ல இது வராது, சின்ன கப்பி வழுக்கும், முதல்ல 3க்கு 1, அடுத்து 5க்கு 1ன்னு ரெண்டு கட்டமா பிரிங்க. பெல்ட்டை தளர்த்துற லிவரே கிளட்ச் வேலையைப் பார்த்துக்கும். இன்ஜினை நிறுத்துற சுவிட்சை கைப்பிடியிலயே வைங்க, பெருவிரல் எட்டணும்.

முதல் ஓட்டம் பின் சக்கரத்தை ஸ்டாண்டுல தூக்கி வச்சு பத்து நிமிஷம். அணைச்சதும் ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் வச்சுப் பாருங்க, மரம் அமுங்கி நிச்சயம் சிலது தளர்ந்திருக்கும், திரும்ப முறுக்குங்க. அப்புறம் சமதளமான மூடின மைதானத்துல, ஹெல்மெட் போட்டு, ஒருத்தர் தீயணைப்பானோட பக்கத்துலயே நடந்து வரட்டும். முதல் ரவுண்டு முடிஞ்சதும் ஆரக்கால் குடத்துல சேர்ற இடத்துல விரல் நகத்தால தட்டிப் பாருங்க, கணீர்னு கேட்டா அடுத்த ரவுண்டு போகலாம், மொத்தையா கேட்டா அந்த ஆரக்கால் ஆடுது, சக்கரத்தைக் கழட்டி பட்டாவை அறுத்து சுத்தளவை இன்னும் குறைச்சு திரும்ப மாட்டணும்.