டைனமிக் எஸ்க்யூஎல் சத்தமில்லாமல் படுத்துக்கொண்டால்

எழுத்துத் துண்டுகளை ஒட்டி, ஓடும்போதே குவெரியை (டேட்டாபேஸுக்கான கட்டளையை) உருவாக்குவதுதான் டைனமிக் எஸ்க்யூஎல். அது உள்ளே இருக்கும் ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸில் சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பு) ஓடுகிறது, எர்ரர் இல்லை, ஆனால் ஒரு வரிசைகூட வரவில்லை. பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் டேட்டாபேஸ் வேலை பார்க்கும் நம்மாட்கள் அடிக்கடி புலம்புவது இது. எஸ்க்யூஎல் சர்வர் என்றால், எக்ஸிக்யூட் வரிக்கு முன்னால் ஒரு பிரிண்ட் போட்டு, ஒட்டி முடித்த குவெரியைக் கண்ணால் பாருங்கள்.

வெற்று வரி வந்தால், ஒட்டிய வேரியபிள்களில் ஏதோ ஒன்று 'நல்' (NULL, அதாவது மதிப்பே இல்லாதது) என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டல் குறியால் ஒட்டும்போது ஒரு துண்டு 'நல்' என்றாலே மொத்தக் குவெரியும் 'நல்' ஆகிவிடும். அதைக் கொடுத்தால் சர்வர் குறை சொல்லாது, சும்மா இருந்துவிடும். கூட்டல் குறிக்குப் பதில், துண்டுகளை ஒட்டும் கான்கேட் (CONCAT) ஃபங்ஷன் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது 'நல்'லைக் காலி எழுத்தாக மாற்றிக் கோளாறை மறைத்துவிடும்.

குவெரி பாதியில் அறுந்து தெரிகிறதா? குவெரி என்வார்சார் (NVARCHAR) வகை எழுத்து வேரியபிளில் இருந்தால் பிரிண்ட் 4,000 எழுத்துக்கு மேல் காட்டாது. மிச்சத்தை சப்ஸ்ட்ரிங் (SUBSTRING) போட்டு வெட்டியெடுத்துத் தனியாகப் பாருங்கள்.

அப்புறம், வாடிக்கையாளர் பட்டியலில் ஒரு டி'சோசா வந்தால் போதும், பெயருக்குள் இருக்கும் ஒற்றை மேற்கோள் அந்த மதிப்பை அங்கேயே முடித்து, குவெரியை உடைத்துவிடும். இந்த ஊரில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. மதிப்புகளை ஒட்டாமல், எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்க்யூஎல் (sp_executesql) வழியாகப் பாராமீட்டராக அனுப்புங்கள். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் தொல்லையும் (மதிப்புக்குள் கட்டளையை ஒளித்து அனுப்பும் தாக்குதல்) அங்கே தீரும். டேபிள், நெடுவரிசை (column) பெயர்களைப் பாராமீட்டராக அனுப்ப முடியாது. அவற்றுக்கு மட்டும், பெயரைச் சதுர அடைப்புக்குள் பத்திரமாக வைக்கும் கோட்நேம் (QUOTENAME) ஃபங்ஷன்.