வடசென்னையில் சபை தொடங்கும் ஊழியக் குடும்பத்துக்கு

வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம், காசிமேடு பக்கம் வீடு எடுத்துத் தங்கி, புதிதாக ஒரு சபை தொடங்கப்போகும் குடும்பங்களுக்காக எழுதியது இது. அழைப்பு, ஜெபம், உபவாசம் எல்லாம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே தொடங்கிய சபைகள் இரண்டாம் வருடத்தில் நின்றுபோவதற்குப் பிரசங்கம் காரணமாக இருப்பது அபூர்வம். வீட்டு ஓனர், தண்ணீர், பிள்ளைகளின் படிப்பு, கைமாற்றுக் கடன், கணக்கில்லாத காணிக்கை: அடி விழுவது இந்த இடங்களில்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். சுவிசேஷம் கேட்காத ஊர் என்ற எண்ணத்தோடு வராதீர்கள். ராயபுரத்தில் மீனவர்களின் புனித பேதுரு ஆலயம் இருக்கிறது, பெரம்பூரில் லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகள் போக, இரண்டு தெருவுக்கு ஒரு பெந்தெகொஸ்தே வீட்டுச் சபையும் இருக்கும். முதல் மாதத்திலேயே அந்தப் போதகர்களை ஒருவர் விடாமல் நேரில் பாருங்கள். அவர்கள் சபையிலிருந்து ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு உங்களிடம் வந்தால், பழைய போதகரிடம் பேசாமல் சேர்த்துக்கொள்ளக் கூடாது. அப்படி வந்த குடும்பம் அடுத்த கோபத்தில் உங்களையும் விட்டுப் போகும். அதற்குள் தெருவில் உங்களுக்கு ‘ஆடு பிடிக்கிறவர்’ என்று பேர் விழுந்திருக்கும்.

வீடு

வாரியக் குடியிருப்பில் வாடகைக்குப் போகாதீர்கள். 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் (2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) ஒதுக்கிய வீட்டை ஒதுக்கீடு பெற்றவர் உள்வாடகைக்கு விட அனுமதி இல்லை. எல்லாரும் விடுகிறார்கள், உண்மைதான். ஆனால் உங்கள்மேல் யாருக்காவது மனத்தாங்கல் வந்தால் அவர்கள் எழுதும் முதல் புகார் அதுவாகத்தான் இருக்கும், வீட்டைக் கொடுத்தவருக்கும் ஒதுக்கீடு பறிபோகும். பக்கத்துத் தெருவில் பட்டா வீடாகப் பாருங்கள். தரைத்தளம் வேண்டாம். 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களிடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டுவிட்டு முதல் மாடிக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஓனர்கள் பத்து மாதம் கேட்பார்கள், பேசிக் குறையுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். ஜெபக்கூட்டம் நடக்கும் என்பதை ஓனரிடம் மறைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். ‘வாரம் ஒரு முறை, இத்தனை பேர், இத்தனை மணி வரை’ என்று சொல்லி, முடிந்தால் அதையும் எழுதி வாங்குங்கள். மறைத்தால், பாட்டுச் சத்தம் கேட்ட முதல் மாதமே காலி செய்யச் சொல்வார்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி முன்னறையில் பாய் போட்டால் இருபது, இருபத்தைந்து பேர் உட்காரலாம். அத்தனை பேரை எங்கே உட்கார வைப்பது என்று யோசிக்கிறவர்கள், அவர்களுடைய செருப்பு எங்கே போகும் என்று யோசிப்பதில்லை. ஒரு ஆள் அகலப் படிக்கட்டில் இருபத்தைந்து ஜோடி செருப்பு கிடந்தால், குடத்தோடு மாடி ஏறும் பக்கத்து வீட்டு அம்மா தடுக்கி விழுவார். சண்டை அங்கே ஆரம்பிக்கும், முடியும்போது மதச்சண்டையாக ஆகியிருக்கும். பெரிய கோணிப்பை ஒன்றை வாசலில் வைத்து, செருப்பு முழுவதையும் அதில் போட்டு உள்ளே எடுத்து வைக்க ஒரு பையனை நியமியுங்கள். பைக்குகள் தெருமுனையில் நிற்கட்டும். கழிவறைக்கென்று 200 லிட்டர் டிரம் ஒன்றை முந்தின நாளே நிரப்பி வையுங்கள். கூட்டம் வந்த நாளில் பொதுத் தொட்டித் தண்ணீர் தீர்ந்தால் மாடியில் இருக்கும் எல்லாக் குடித்தனமும் உங்களுக்கு எதிராகும்.

கூட்டம்

ஞாயிறு காலை ஒன்பதரை என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பவர்கள் அதிகம். காசிமேட்டில் மீன் வியாபாரம் உச்சத்தில் இருப்பது ஞாயிறு காலையில்தான். ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடும். மீன் விற்கும் பெண்கள், கறிக்கடையில் நிற்கும் பையன்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், துப்புரவுப் பணியாளர்கள் யாரும் அந்த நேரத்தில் வர முடியாது. வருகிறவர்கள் ஏற்கெனவே வேறு சபையில் இருப்பவர்கள்தான். ஞாயிறு மாலை ஐந்தரை முதல் ஏழு வரை வைத்துப் பாருங்கள். அதைவிடத் தாமதித்தால் ஆண்கள் டாஸ்மாக் பக்கம் போய்விடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. வீடு சந்திப்புக்கு ஏற்ற மாதங்கள் அவை. காணிக்கை எடுக்க ஏற்றவை அல்ல.

முதல் ஆறு மாதம் பொதுக்கூட்டமே வேண்டாம். தெருக்காரர்கள் உங்களை அறிந்துகொள்ளட்டும். தண்ணீர் லாரி வரிசையில் உங்கள் வீட்டு ஆளும் குடத்தோடு நிற்கட்டும். சாவு வீட்டுக்குப் போங்கள், திருவிழா நாளில் குறுக்கே நிற்காதீர்கள். பிறகு நான்கைந்து வீடுகளில் சுழற்சியாக வீட்டு ஜெபம்: நாற்பது நிமிடம், இரண்டு பாட்டு, ஒரு வசனப்பகுதி, கேள்வி பதில், ஜெபம். டீ போதும். டிபன் கொடுக்க ஆரம்பித்தால் அடுத்த வீட்டுக்காரர் கடன் வாங்கியாவது கொடுப்பார், அதற்கடுத்த வீடு ‘எங்க வீட்ல வேணாம் பாஸ்டர்’ என்று ஒதுங்கும்.

ஒலிபெருக்கி வாங்காதீர்கள். நூற்றிருபது சதுர அடி அறைக்கு கஞ்சிராவும் கைத்தட்டலும் தாராளம். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு இடமே இல்லை. வாசலில் போர்டு மாட்டும் ஆசையையும் அடக்குங்கள். குடும்பத்தோடு நாலு பேர் சேர்ந்து ஜெபிப்பது வேறு, குடியிருப்பை நிரந்தர ஜெபக்கூடமாக மாற்றுவது வேறு. வழிபாட்டுக் கட்டடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். போர்டு வந்த மறுநாள் அந்தக் கேள்வியும் வரும்.

குடும்பம்

ஊழியருக்கு ஆதரவு அனுப்பும் சபைகள் ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்து இரண்டு பேரின் வேலையை வாங்குகின்றன. பாஸ்டரம்மா சமைக்கிறார், பெண்கள் கூட்டம் நடத்துகிறார், டியூஷன் எடுக்கிறார், ராத்திரி பதினொரு மணிக்கு அடிவாங்கி வந்து நிற்கும் பெண்ணுக்குக் கதவைத் திறக்கிறார். புறப்படும் முன்பே அவர் என்ன செய்வார், என்ன செய்யமாட்டார் என்று அனுப்பும் சபையிடம் எழுத்தில் பேசிவிடுங்கள். அவர் வெளியே ஆசிரியராகவோ நர்ஸாகவோ வேலைக்குப் போவது ஊழியத்துக்குக் குறைச்சல் அல்ல. பல குடும்பங்கள் தாக்குப்பிடித்ததே அந்தச் சம்பளத்தால்தான்.

முன்னறை சபைக்கு, உள்ளறை பிள்ளைகளுக்கு. இந்த எல்லையில் விட்டுக்கொடுக்காதீர்கள். உள்ளறையில் பிள்ளைக்கென்று ஒரு மேசை, பூட்டும் ஒரு பெட்டி. பிள்ளையின் சைக்கிளையும் ஸ்கூல் பேக்கையும் அவனைக் கேட்காமல் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடும் அப்பாக்கள் இருக்கிறார்கள். பிள்ளையைப் பிரசங்கத்தில் உதாரணமாக இழுப்பதும் வேண்டாம். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால் மார்ச், ஏப்ரலில் இராமுழு ஜெபத்தை வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. அன்று போன் இன்னொரு மூப்பர் கையில் இருக்கட்டும், நீங்கள் வீட்டை விட்டே வெளியே போங்கள். வீட்டில் இருந்தால் கதவு தட்டுவார்கள், நீங்களும் திறப்பீர்கள்.

பெண்களுக்கு ஆலோசனை சொல்லும்போது பாஸ்டரம்மாவோ வயதான இன்னொரு பெண்ணோ அதே அறையில் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். பிள்ளைகள் வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர். பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரிந்தால் சபைக்குள் பேசி முடிக்க உங்களுக்கு உரிமை இல்லை. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பதே குற்றம். சுவரில் 1098 (குழந்தைகள் உதவி எண்), 181 (பெண்கள் உதவி எண்) இரண்டையும் எழுதி ஒட்டுங்கள்.

பணம்

தண்டல் எனும் தினவசூல் கடன், நேரத்தோடு ஏறும் மீட்டர் வட்டி, குழுக்கடன் மூன்றும் ஓடும் தெருவில் மாதச் சம்பளம் வாங்கும் வீடு உங்களுடையது. வந்த மூன்றாம் வாரமே கைமாற்று கேட்பார்கள். கடனாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். திருப்பித் தர முடியாதவர் வெட்கப்பட்டுக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார். கொடுப்பதானால் தானமாக, பொருளாக: அரிசி, மருந்து, ஃபீஸை நேராகப் பள்ளியில் கட்டுவது. ஜாமீன் கையெழுத்து யாருக்கும் போடாதீர்கள்.

காணிக்கையை உறவினர் அல்லாத இரண்டு பேர் அன்றே எண்ணி, தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, செவ்வாய்க்குள் வங்கியில் கட்ட வேண்டும். போதகரின் சொந்தக் கணக்கில் போடுவது தொடக்கத்தில் வசதியாக இருக்கும். முதல் கருத்து வேறுபாட்டிலேயே அது திருட்டுப் பட்டமாகும். அறக்கட்டளை பதியலாம், அல்லது 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேரோடு சங்கமாகப் பதியலாம். எங்கள் தேர்வு சங்கம்தான். ஆண்டுதோறும் கணக்கு தாக்கல் செய்ய வேண்டியிருப்பதே அதன் நன்மை. ஏழு பேரில் உங்கள் மனைவி, மச்சான், சித்தப்பா வேண்டாம்.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு அமைப்பிடமிருந்து சபைக்காக எதுவும் வாங்கக் கூடாது, போதகரின் சொந்தக் கணக்கு வழியாகவும் கூடாது. பதிவுக்கு மூன்று வருடச் செயல்பாடும் அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும். துபாயில் இருக்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். திருநெல்வேலிப் பக்கம் வீட்டுக்கு வீடு சமைக்கும்போது ஒதுக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கையால் எத்தனையோ மிஷனெரிகள் பிழைத்திருக்கிறார்கள். பெரிய டாலரைவிடச் சிறிய, நிற்காத ஆதரவு நல்லது.

ஞானஸ்நானத்துக்கு முன்

இந்தப் பகுதியில் நிறையக் குடும்பங்கள் பட்டியல் சாதியினர். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கே அந்தத் தகுதி உண்டு. கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) பட்டியலுக்குப் போவார்கள். பிள்ளையின் கல்லூரி இடம், ஸ்காலர்ஷிப், அரசு வேலை எல்லாவற்றையும் இது தொடும். இதைச் சொல்லாமல் ஞானஸ்நானம் கொடுப்பது ஏமாற்று வேலை. சர்டிபிகேட்டில் ஒன்று, சபையில் ஒன்று என்று இரண்டு பெயரோடு இருக்கலாம் என்று யோசனை சொல்லும் போதகர்கள் உண்டு. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ விசுவாசத்தைப் பின்பற்றிக்கொண்டே சலுகைக்காக இந்து என்று கோரிய புதுச்சேரிப் பெண்ணின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. வீட்டார் எல்லாரையும் உட்கார வைத்து, என்ன இழப்பு என்று சொல்லி, மாதக்கணக்கில் யோசிக்க விடுங்கள். பதினெட்டு வயது ஆகாதவருக்குத் தாய் தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும். ரேஷன், ஃபீஸ் உதவி பெறுபவருக்கு உதவி வேறு ஞானஸ்நானம் வேறு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முழுக்குக் கொடுக்கும் தொட்டிக்கு வேறு சபையைக் கேளுங்கள். மெரினா கடலில் இறக்காதீர்கள், கரையருகிலேயே சட்டென்று ஆழமாகும்.

நோயாளிக்காக ஜெபிப்பீர்கள், ஜெபியுங்கள். மாத்திரையை நிறுத்து என்று மட்டும் ஒருபோதும் சொல்லக் கூடாது. காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாத மருந்து, அரசில் இலவசம். இருமல் நின்றதும் ‘சுகமாயிட்டேன்’ என்று விட்டுவிட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாகத் திரும்பும், வீட்டில் எல்லாருக்கும் பரவும். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் கூட்டத்தில் தீர்மானம் எடுத்து ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதைப் பிசாசு என்று எண்ணி ராத்திரி முழுக்கக் கட்டிப்பிடித்து ஜெபித்துக்கொண்டிருக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஜெபத்தை ஆட்டோவில் செய்யலாம்.

கல்யாணம், சாவு, இடமாற்றம்

1872-ம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அதிகாரம் இல்லாதவர் திருமணம் நடத்திவைத்தால் பத்து வருடம் வரை சிறை. உங்களுக்கு உரிமம் வரும்வரை உரிமம் உள்ள போதகரை அழையுங்கள். காலை ஆறு முதல் மாலை ஏழுக்குள் முடிய வேண்டும்.

முதல் சாவுக்கு முன்பே கல்லறையைப் பாருங்கள். கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைகளில் இட நெருக்கடி. புதிய, சிறிய சபைக்கு அங்கே என்ன கடிதம், யாருடைய கையெழுத்து கேட்கிறார்கள் என்று ஆள் உயிரோடு இருக்கும்போதே விசாரித்து எழுதி வையுங்கள். ஐஸ் பெட்டி வீட்டில் வந்து இறங்கிய பிறகு விசாரிக்கப் போனால், சொந்தக்காரர்கள் ‘நம்ம முறைப்படியே எடுத்துடலாம்’ என்று முடிவு கட்டியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கால்வாய் ஓரமும் ரயில் பாதை ஓரமும் இருக்கும் வீடுகளை எடுத்துக் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ அனுப்பும் நாள் வரலாம். இருபது, முப்பது கிலோமீட்டர் தூரம், சபையில் பாதி ஒரே வாரத்தில் போய்விடும். ஞாயிறுதோறும் வேன் வைத்துக் கூட்டிவருவதை மூன்று மாதத்துக்கு மேல் நீட்டாதீர்கள். வேன் வாடகை சபையைத் தின்னும், அங்கே போனவர்களும் அந்த ஊரில் வேர்விடமாட்டார்கள். போகும் குடும்பங்களில் இரண்டைத் தேர்ந்து, வீட்டு ஜெபம் நடத்த இங்கேயே பழக்குங்கள். மாதம் இரண்டு முறை நீங்கள் போய் வாருங்கள். முதல் மாத வேலை டி.சி. வாங்கிப் பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்ப்பதும், ரேஷன் கார்டில் முகவரி மாற்றுவதும், காசநோய், சர்க்கரை மாத்திரை வாங்குபவர்களுக்கு அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு மாற்றிக் கொடுப்பதும்தான். கூட்டம் எங்கே நடத்துவது என்பதை இரண்டாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம்.