பிறர் புகழும் ஆர்பிஜி விளையாட்டை வாங்குவதற்கு முன்

குன்னூரில் பேக்கரி வைத்திருக்கிறேன். வர்க்கித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு தூக்கம் வரும்வரை கிடைப்பது இரண்டு மணி நேரம். என் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக நாமே கதைக்குள் வாழும் வீடியோ கேம்) எல்லாம் அதற்குள்தான்.

கோத்தகிரியில் இருக்கும் தங்கை மகன், "டார்க் சோல்ஸுக்கு மேல் ஒன்றும் இல்லை மாமா" என்றான். நம்பி வாங்கினேன். 2011இல் வந்த விளையாட்டு அது. செத்தால் அதுவரை சேர்த்த ஆன்மாக்கள் (அங்கே அவைதான் காசு) செத்த இடத்திலேயே கிடக்கும்; போய் எடுப்பதற்குள் மறுபடி செத்தால் அவ்வளவும் போயிற்று. ஒரு வாரம் செத்துக்கொண்டே இருந்தேன். "அந்தப் பதைப்புதான் மாமா ருசி!" பதைப்பு எனக்கு அடுப்படியிலேயே போதுமான அளவு கிடைக்கிறது.

அதிலிருந்து "நன்றாக இருக்குமா?" என்று யாரையும் கேட்பதில்லை. "அதில் உனக்கு நடந்த ஒன்றைச் சொல்" என்கிறேன். நீங்களும் அப்படிக் கேளுங்கள். கடைசி வாள்வீச்சைச் சொன்னால் அவருக்குச் சண்டை முக்கியம். வழிதவறிப் போய்க் கண்ட குகையைச் சொன்னால், ஊர் சுற்றுகிறவர்; ஸ்கைரிம் என்ற விளையாட்டு அவருக்கானது. கவசத்தின் எண்களை அடுக்கத் தொடங்கினால் பேச்சை மாற்றிவிடுங்கள் (இது என் ஓரவஞ்சனை). "அவளிடம் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று ஒருவர் வருந்தினால் நான் உடனே பர்ஸை எடுத்துவிடுவேன். டிஸ்கோ எலிசியம் அப்படித்தான் என்னிடம் வந்தது. வழக்கமான சண்டையே அதில் கிடையாது; நாயகனின் திறன்கள் அவன் தலைக்குள் குரல்களாகப் பேசித் தகராறு செய்யும். தங்கை மகனுக்கு அது வீட்டுப்பாடம்.

வாங்கியதும் முதல் பெரிய உரையாடலுக்கு முன் சேவ் செய்யுங்கள். ஒரு பதிலைச் சொல்லிப் பார்த்துவிட்டு, திரும்ப வந்து நேர்மாறாகச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் இரண்டுக்கும் ஒரே வேலையைத்தான் தருகிறார் என்றால், கதைக்காக வாங்கியவர் அங்கேயே யோசிக்க வேண்டும். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் பால்டர்ஸ் கேட் 3 போன்றவற்றில் நம் பாத்திரத்துக்கு மூக்கும் முடியும் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு மணி நேரம் கரையும். கடிகாரத்தைப் பாருங்கள். அதற்கு 150 ஜிபி இடமும் வேண்டும். எங்கள் மலை இணையத்தில் தரவிறக்கத்தைப் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டியதுதான்.

ஆடி மாதக் காற்றில் மரம் சாய்ந்து மின்சாரம் போகும் ஊர்களில் இருப்பவர்கள், தானாக ஆகும் "சேவ்" ஒன்றையே நம்பாமல் கையால் இரண்டு சேவாவது தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.