நாய்க்கும் டயட், வீட்டுக்காரருக்கும் டயட்: எங்கே சறுக்குகிறோம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஏதாவது ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், சாயங்காலம் நடந்து பாருங்கள். கேட்டுக்குப் பின்னால் ஒரு குண்டு நாய் மூச்சிரைக்கப் படுத்திருக்கும். பக்கத்தில் தே தாரிக்கோடு உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரரிடமும் கிளினிக்கில் எடையைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, இரண்டு பேருக்கும் அள்ளிப் போடுகிற கை ஒன்றுதான். அதனால்தான் வீட்டில் ஒருவருக்கு மட்டும் டயட் என்று ஆரம்பிப்பது பாதியில் நின்றுபோகிறது.

நம் அப்பா அம்மா ரப்பர் தோட்டத்தில் இருட்டிலேயே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், பால்மரம் வெட்டி, வாளி தூக்கி, மத்தியானம் வரைக்கும் மேடு ஏறி இறங்கியவர்கள், அந்த உடம்புக்கு அந்தத் தட்டுச் சோறு சரியாக இருந்தது. நாயும் சங்கிலி இல்லாமல் லயத்துக்கும் ஆற்றுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நாம் ஃபேக்டரி ஷிப்ட்டிலும் லோரி சீட்டிலும் உட்கார்ந்திருக்கிறோம், நாய் போர்ச் சிமெண்டில் படுத்திருக்கிறது, தட்டின் அளவு மட்டும் தோட்டத்திலேயே நிற்கிறது. 2023-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். நாய் பூனைக்கு அப்படி ஒரு கணக்கு எடுத்தால் நம்மைவிடப் பின்தங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் தவறு, கண் அளவு. பழைய பால் டின் ஒன்றை வைத்துக்கொண்டு பூனை பிஸ்கட் அள்ளிப் போடுவார்கள். ஒரு நாள் தலைதட்டி, ஒரு நாள் கோபுரமாக, அள்ளுகிறவர் பாட்டி என்றால் கோபுரத்துக்கு மேல் இன்னும் நாலு. 10 கிராம் கூடினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். பூனை பிஸ்கட் 10 கிராமில் 35 முதல் 40 கலோரி இருக்கிறது, 4 கிலோ வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவையே 200 கலோரி சுற்றுவட்டாரம்தான். தினமும் அப்படிக் கூடினால் தேவைக்கு மேல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். கேக் செய்ய வாங்கி வைத்த டிஜிட்டல் தராசு சமையலறையில் சும்மாதானே கிடக்கிறது, அதில் நிறுத்துப் போடுங்கள். நிறுக்கும்போது இப்போதைய எடைக்குப் போடாமல், எந்த எடைக்கு வர வேண்டுமோ அந்த எடைக்குப் போட வேண்டும். கருத்தடை செய்த பிராணி என்றால் பையில் அச்சடித்த அளவைவிட இன்னும் குறைவாகவே தேவைப்படும், ஆப்பரேஷனுக்குப் பிறகு பசி கூடும், தேவை குறையும். நம் தட்டுக்கு சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' போதும்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ, பாதி காய்கறி பழம்.

அடுத்தது பிய்த்துப் போடும் பழக்கம். டயட்டுகள் பெரும்பாலும் சாகிற இடம் இதுதான். ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300 கலோரி. நீங்கள் பசியாறும்போது அதில் கால் துண்டைப் பிய்த்து மேசைக்கு அடியில் நீட்டுகிறீர்கள், சரி, 75 கலோரி. 5 கிலோ இருக்க வேண்டிய சின்ன நாயை மெலிய வைக்க ஒரு நாளைக்கு ஏறக்குறைய 230 கலோரி கொடுப்பார்கள். அந்த ஒரு துண்டிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, அதற்கு அப்புறம் கிண்ணத்தில் வழக்கமான சாப்பாடும் விழும். நொறுக்குத் தீனி எல்லாம் சேர்ந்து நாள் கணக்கில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மிருக டாக்டர்கள் சொல்லும் விதி. கை அரிக்கிறது என்றால் அவித்த பூசணித் துண்டு கொடுங்கள். வெங்காயம் பூண்டு வெந்த குழம்புச் சோறு வேண்டாம், அவை நாய் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

"பாவம்லா, வாயில்லா ஜீவன், எப்படிப் பாக்குது பாருங்க" என்று ஒருவர் சொன்னதும் வீடே இளகிவிடும். லாப்ரடோர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனை கொஞ்சம் அதிகம். அந்த இனத்தில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் குறை இருப்பதாக 2016-ல் கண்டுபிடித்தார்கள், அந்தப் பார்வை முழுக்க நடிப்பு இல்லை. ஆனால் பாவம் பார்ப்பதற்கு வேறு வழி இருக்கிறது. 48 லாப்ரடோர்களைக் குட்டியிலிருந்து கடைசி வரை கவனித்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளிவந்தது, கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் அதிகமாக வாழ்ந்தன.

வீட்டுக்குள் எல்லாம் அளந்தாகிவிட்டது, ஆனாலும் நாய் மெலியவில்லையா? பக்கத்து வீடுகளில் விசாரியுங்கள். உங்களுக்கு அது டைகர். எதிர் வீட்டுத் தாத்தாவுக்கு அது கருப்பன், மூன்று கதவு தள்ளி இருக்கும் ஆன்டிக்கு அதுவே பாய். மூன்று பெயருக்கும் மூன்று சாப்பாடு. தோட்டத்துப் பாசம் இது, கோபித்துக்கொள்ள முடியாது, அதனால் நேரே போய் "டாக்டர் சொல்லிட்டாரு தாத்தா, சக்கரை வந்துரும்னு" என்று சொல்லுங்கள். சக்கரை என்று கேட்டால் நம் ஆட்களுக்குப் புரியும்.

பட்டினி போடுவது இதற்கு நேர் எதிரான தவறு, ஆபத்தும் அதிகம். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய் அடைத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. புது டயட் பிஸ்கட்டைப் பூனை தொடவில்லை என்றால் "பசிச்சா தானா திங்கும்" என்று விட்டுவிடாமல் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். மனிதர்கள் பசியாறாமல் வேலைக்குப் போய் ராத்திரி பசார் மாலாம் இரவுச் சந்தையில் மொத்தமாக வசூலிக்கிறார்கள். சக்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளையை விட்டால் சக்கரை இறங்கி மயங்கிவிடலாம்.

புரட்டாசி வந்தால் இன்னொரு கூத்து. வீடு சைவத்துக்கு மாறும்போது பூனையும் சைவமாகிவிடும். நாய் ஓரளவு சமாளிக்கும், பூனையால் முடியாது, இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் டாரின் என்ற சத்து போதாமல் போனால் அதற்குக் கண்ணும் இதயமும் கெடும். விரதம் உங்களுடையது, பூனைக்குத் தனிக் கிண்ணத்தில் அதன் சாப்பாட்டை வையுங்கள். அந்த மாதத்தில் நாமாவது மெலிகிறோமா என்றால், வடையும் எண்ணெயில் பொரித்த சைவ மீனும் சாப்பிட்டுவிட்டு எடை குறையும் என்று காத்திருக்கிறோம். தீபாவளிக்கு ஆட்டுக் கொழுப்பை நாய்க்கு அள்ளிப் போட்டால் கணையம் வீங்கி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. நீங்கள் டயட்டுக்காக வாங்கிய சீனி இல்லாத சூயிங்கம், மிட்டாய் சிலவற்றில் சைலிட்டால் என்ற சீனிக்குப் பதிலான இனிப்பு இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாது, நாய் தின்றால் சீக்கிரத்திலேயே ரத்தச் சக்கரை சரிந்துவிடும், கல்லீரலும் பாதிக்கப்படலாம். கைப்பையைச் சோபாவில் போட்டு வைக்காதீர்கள். தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நடை நல்லதுதான், ஆனால் நடந்தே எல்லாம் கரைந்துவிடும் என்று நம்ப வேண்டாம், தட்டில் குறைப்பதுதான் பெரிய பங்கு. நேரம் முக்கியம். குண்டு நாயை மத்தியான வெயிலில் இழுத்துக்கொண்டு போனால் சூடு தாங்காமல் சுருண்டு விழும். காலையில் வேலைக்குப் போகுமுன், இல்லையென்றால் சாயங்காலம் ஆறரைக்கு மேல் போங்கள், புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துச் சுடுகிறதா என்று பாருங்கள். செம்பனைக்குள் போகும் மண் பாதையில் கயிற்றை விடாதீர்கள், மரத்தடியில் எலி மருந்துக் கட்டி வைத்திருப்பார்கள். டயட்டில் இருக்கும் நாய்க்கு அதுவும் சாப்பாடுதான், ரத்தக் கசிவு தெரிய ஆரம்பிப்பதற்குச் சில நாள் ஆகிவிடும்.

வயிறு பெருத்ததெல்லாம் கொழுப்பும் இல்லை. குடல் புழு, வயிற்றில் நீர், நாய்க்குத் தைராய்டு என்று வேறு காரணம் இருக்கலாம், ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை காட்டிவிடுங்கள். விலாவைத் தடவிப் பாருங்கள், அழுத்தாமலே எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அவசரமும் வேண்டாம்: நாய்க்கு வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 விழுக்காடு, பூனைக்கு அதைவிட மெதுவாக, நமக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்தால் இரண்டு பேர் எடையும் கிடைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மளிகைக் கடைக் காலண்டரில் நாய்க்கு நீல மை, உங்களுக்குச் சிவப்பு மை என்று எழுதி வையுங்கள். யாராவது கால் துண்டு சானாயை மேசைக்கு அடியில் நீட்டினால், பேசாமல் காலண்டரைக் காட்டுங்கள்.